கல்லைப் படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும்

கம்பம் பள்ளத்தாக்கின் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களின் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். ஒரு பக்கம் குமுளி மலை, இன்னொரு பக்கம் மேகமலை, நடுவில் முல்லையாறு. அப்பாவுக்கு உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருபோக வயல். கல்யாணத்துக்குப் பிறகு வெளியூரில் இருந்துவிட்டு, ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால்தான் மறுபடி இங்கே வந்து சேர்ந்தேன். வந்ததிலிருந்து அக்கா பேரப்பிள்ளைகளையும் தெருப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கிருக்கும் பழைய இடங்களைப் பார்க்கப் போவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இந்த மடலில் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

போன வருஷம் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் தெருமுனையில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. கல்விச் சுற்றுலா. பிள்ளைகள் குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பொட்டலம் கட்டிய புளியோதரையோடு ஏறினார்கள். வெகுதூரத்தில் இருக்கும் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போய்விட்டு நள்ளிரவில் திரும்பினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் தண்ணீரில் விளையாடட்டும். ஆனால் மறுநாள் அவர்களில் ஒருத்தியிடம், "கருப்பணசாமி பாறைக்குப் போயிருக்கியா?" என்று கேட்டேன். உத்தமபாளையத்தில் இருக்கும் அந்தப் பாறைக்கு அவள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடலாம். "அங்க எதுக்கு பெரியம்மா, கெடா வெட்டா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். அங்கே வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் இன்னும் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே போய்விட்டோம். ஏறிவிட்டால் பாறை சுடும், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க முடியாது. பாறையின் முகத்தில் வரிசையாகச் சிற்பங்கள். கையளவு சிலது, முழங்கை அளவு சிலது. நிர்வாணமாக நிற்பவர்கள், சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர்கள், தலைக்கு மேல் முக்குடை, இரண்டு பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள். ஒருவருக்குத் தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருக்கிறது. "சிவனா?" என்றான் ஒரு பையன். "புத்தர்" என்றான் இன்னொருவன். அது பார்சுவநாதர், சமணர்களின் இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரர் என்று சொன்னேன். சமணர் என்ற சொல்லை ஏழாம் வகுப்புப் பாடத்தில் படித்திருக்கிறார்கள். அது தங்கள் ஊர்ப் பாறையில் இருக்கும் என்று நினைத்ததில்லை.

சிற்பங்களுக்குக் கீழே எழுத்து இருக்கிறது. சும்மா பார்த்தால் பாறை பொரிந்தது மாதிரித்தான் தெரியும். கைப்பேசி விளக்கைப் பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்ததும் பள்ளமெல்லாம் நிழல் வாங்கி, எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. வட்டெழுத்து. கோணமே இல்லாமல் வளைந்து வளைந்து ஓடும் எழுத்து. அந்தச் சிறுமி விரலால் காற்றிலேயே அதை வரைந்து பார்த்தாள். பாறையைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன், ஐந்து பேரில் ஒருவர்கூடத் தொடவில்லை.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "மழை பெஞ்சு காயுறப்ப வந்து பாருங்க தாயி, வெளக்கே வேணாம், எழுத்து பளிச்சுனு தெரியும்" என்றார். ஈரம் பாறையின் மேற்பரப்பில் முதலில் காய்ந்து பள்ளத்தில் கடைசியாகக் காயும் அல்லவா, அதைத்தான் சொல்கிறார். கல்வெட்டு படிக்கிறவர்கள் அனுபவத்தில் கற்றுக்கொள்ளும் விஷயம் அது. அவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அந்தப் பாறையில் என்ன எழுதியிருக்கிறது? எட்டு, ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த எழுத்துகள் அவை. அந்தக் குன்றின் பழைய பெயர் திருக்குணகிரி. திருக்குணகிரித் தேவருக்கு விளக்கெரிக்க ஒருவர் காசு கொடுத்திருக்கிறார். சிற்பங்களைச் செய்யச் சொன்னவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயரும் இருக்கிறது. இந்த அச்சணந்தியின் பெயரை மதுரைப் பக்கம் ஆனைமலையிலும் கருங்காலக்குடியிலும் பழனிப் பக்கம் ஐவர்மலையிலும் பார்க்கலாம். அவருடைய தாயார் குணமதியாரின் பெயர் மதுரைச் சமணர் மலையில் வெட்டப்பட்டிருக்கிறது. மலை மலையாக நடந்து, போன இடமெல்லாம் சிற்பம் செய்ய வைத்த ஒரு துறவி. அவர் நம் ஊருக்கும் வந்து போயிருக்கிறார். அம்மா பெயர் எழுதியிருப்பதைச் சொன்னபோதுதான் பிள்ளைகள் ரொம்ப நேரம் அமைதியாக இருந்தார்கள்.

பாறையடியில் கருப்பணசாமி குடியிருக்கிறார். பாறைக்குப் பெயரே அவரால் வந்தது. கருப்பன் காவல் மட்டும் இல்லையென்றால் அந்தப் பாறை என்றைக்கோ ஜல்லியாகி ரோட்டுக்குப் போயிருக்கும் என்பது என் எண்ணம். அதனால் சாமி கும்பிடுகிறவர்களை ஒதுக்கிவிட்டு, கம்பி வேலி போட்டுப் பாறையைப் பூட்டிவைக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். கும்பிட வருகிறவர்களிடமே, "எண்ணெய் பூசாதீங்க, சுண்ணாம்பு தொடாதீங்க, பெயின்ட்ல பேர் எழுதாதீங்க" என்று சொல்லவும், மேலே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டவும் ஓர் ஆள் வேண்டும். நான் கேட்பது மொத்தமும் இதுதான். ஓர் ஆள்.

ஆட்கள் எதற்கு, பலகை வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பலகை வேண்டும்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை, போகட்டும். ஆனால் பலகையிடம் பிள்ளைகள் கேள்வி கேட்க முடியாது. "ஏன் இவங்க எல்லாம் துணி இல்லாம இருக்காங்க?" என்று பத்து வயதுப் பையன் சிரித்துக்கொண்டே கேட்பான். அதற்குச் சிரிக்காமல், திட்டாமல், திகம்பரத் துறவு என்றால் என்ன, எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தவர்கள் என்றால் என்ன என்று சொல்ல மனுஷன்தான் வேண்டும்.

சரி, சின்னமனூருக்கு வாருங்கள். சின்னமனூர் வழியாக ஒரு நாளைக்கு எத்தனை கார் தேக்கடிக்குப் போகிறது, கார்த்திகை மார்கழியில் எத்தனை வேன் சபரிமலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். டீ குடிக்க நிற்கிறார்கள், திராட்சை வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டின் வரலாறு எழுதுகிற எவரும் இந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது என்று அவர்களுக்கும் தெரியாது, டீ ஆற்றுகிறவருக்கும் தெரியாது.

சின்னமனூர்ச் செப்பேடுகள் என்று இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. இங்கே கிடைத்ததால் அந்தப் பெயர். பெரிய தொகுதி பாண்டியன் இராசசிம்மன் காலத்தது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். வடமொழியில் ஒரு பகுதி, தமிழில் ஒரு பகுதி. பாண்டியர்களின் முன்னோர் பெருமையைச் சொல்லும்போது இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறது அந்தத் தமிழ்ப் பகுதி: மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும், மதுராபுரியில் சங்கம் வைத்ததும். மதுரையில் தமிழ்ச் சங்கம் இருந்தது என்று நாம் பேசுகிறோமே, அரசனே செம்பில் வெட்டிக் கொடுத்த சாட்சியாக அறிஞர்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான். மதுரைச் சங்கத்துக்குச் சாட்சி சின்னமனூரிலிருந்து போயிருக்கிறது!

அந்தச் செப்பேட்டில் வரும் ஊர்ப்பெயர்கள் இன்னும் அழகு. இந்தப் பகுதிக்கு அளநாடு என்று பெயர். சின்னமனூர் அன்றைக்கு அரிகேசரிநல்லூர். நற்செய்கைப்புத்தூர் என்ற ஊருக்கு மந்தரகௌரவமங்கலம் என்று புதுப்பெயர் சூட்டித் தானம் கொடுத்திருக்கிறான் அரசன். அந்தக் காலத்தில் ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண்யானையை நடக்கவிட்டு எல்லை வகுக்கும் வழக்கம் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். யானை எந்த வழியாகப் போயிருக்கும், எங்கள் வீடு உள்ளே வருமா வெளியே வருமா என்று சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். இதே இராசசிம்மன் பிற்பாடு சோழன் பராந்தகனிடம் தோற்று, மணிமுடியோடு இலங்கைக்குப் போனான். முடியை அங்கேயே விட்டுவிட்டுச் சேரநாட்டுக்குப் போய்விட்டான். அந்த முடியை மீட்கச் சோழர்கள் தலைமுறை தலைமுறையாகப் படை அனுப்பினார்கள். அத்தனை பெரிய கதையில் ஒரு முனை பூலாநந்தீசுவரர் கோயில் இருக்கும் இந்தச் சின்னமனூரில் இருக்கிறது.

செப்பேட்டை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது இருக்க வேண்டிய பாதுகாப்பில் இருக்கட்டும். அதன் ஒரு ஏட்டைப் பெரிதாகப் படம் பிடித்து, பக்கத்திலேயே இன்றைய எழுத்தில் அதே வரியைப் போட்டு, நகராட்சியில் ஒரு சுவரில் மாட்ட முடியாதா? வருகிற பிள்ளை தன் பெயரின் முதலெழுத்தை அதில் தேடட்டும். நான் வீட்டில் ஒரு வட்டெழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரை வட்டெழுத்தில் எழுதத் தெரியும். ஒருவன் கணக்கு நோட்டிலேயே அப்படி எழுதிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கூடலூர் பற்றி எழுதாமல் விட முடியாது. இங்கே பார்ப்பதற்கு ஒரு கல்லும் இல்லை, ஆனாலும் எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

2006-இல் ஆண்டிப்பட்டிப் பக்கம் வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்ற ஊரில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள். கி.மு. காலத்தவை. இந்தியாவிலேயே எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை என்று ஆய்வாளர்கள் சொல்லுகிறார்கள். அதில் ஒன்றில் இப்படி இருக்கிறது: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்." அவ்வளவுதான். பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன், கூடலூரில் நடந்த மாடுபிடி சண்டையில் இறந்தான், அவனுக்கு எடுத்த கல். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். தொல்காப்பியத்தில் வெட்சித்திணையில் வரும் அதே சொல். அந்தக் கூடல் ஊர், நம் பள்ளத்தாக்கில் இருக்கும் கூடலூர்தான் என்று கருதுகிற ஆய்வாளர்கள் உண்டு.

நான் இதைக் கூடலூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் சொன்னபோது அந்த வீட்டுப் பாட்டி, "மாட்டுக்காகச் செத்தவனுக்கா கல்லு?" என்று கேட்டார். பிறகு அவரே, "ஆமா, மாடுதான அப்ப எல்லாம்" என்றார். இன்றைக்கும் நம் பள்ளத்தாக்கில் மாடு சாதாரணமா என்ன? கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அங்கே சிலைக்குப் பதிலாகப் பட்டத்துக் காளையைக் கும்பிட்டுவிட்டு வருகிறது கூட்டம். நேர்ந்துகொண்டவர்கள் கன்றைக் கொண்டுவந்து விடுகிறார்கள். மலை மாடுகள் இன்னும் காட்டில் மேய்கின்றன. தீயன் அந்தவனுக்கும் அந்தத் தொழுவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது கதைகட்டுதல். ஆனால் கூடலூர்ப் பிள்ளைக்கு அந்தக் கல்லில் இருக்கும் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்புறம் மாட்டுப் பொங்கலன்று தொழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனால், அந்தப் பிள்ளை தொழுவைப் பார்க்கும் பார்வையே வேறு மாதிரி இருக்கும். நான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். காளை கழுத்தில் கட்டியிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டே, "தீயன் வந்தா இத ஓட்டிட்டுப் போயிருவானா?" என்று ஒருத்தி கேட்டாள்.

கூடலூர் நகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒரே ஒரு வரியை, தமிழ் பிராமியிலும் இன்றைய எழுத்திலும், ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு கல்லில் வெட்டி வையுங்கள். தலைவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர் எதுவும் அந்தக் கல்லில் வேண்டாம். தீயன் அந்தவன் பெயர் மட்டும் இருக்கட்டும்.

கண்ணகி கோயில் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்ரா பௌர்ணமியன்று ஒரே ஒரு நாள் திறப்பு. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு செய்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப், நம் பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறரை கிலோமீட்டர் போல மலையேற்றம். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அந்தக் கட்டுப்பாடு தேவைதான் என்று நினைக்கிறேன். தினமும் திறந்துவிட்டால் காடும் போய்விடும், கோயிலும் போய்விடும். இரண்டு முறை ஏறியிருக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்தால், அடுக்கிய கருங்கல், சரிந்த வாசல், புல், காற்று. கீழே பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடக்கும். நம் வயலெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான், மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்து வந்தவள் பதினான்காம் நாள் இங்கே வேங்கை மரத்தடியில் வந்து நின்றாள் என்ற சிலப்பதிகாரச் செய்தி உடம்பில் உறைக்கும். 1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், சிலம்பு சொல்லும் வழியைப் பிடித்துக்கொண்டே வந்து, இந்தக் கோயில்தான் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டினார். மலையை ஊரில் வண்ணாத்திப்பாறை என்கிறோம். அது விண்ணேற்றிப்பாறை என்பதன் மருவல் என்று சொல்வார்கள்.

என் கவலை, மற்ற 364 நாட்கள். அந்த நாட்களில் ஒரு பிள்ளைக்குக் கண்ணகி எங்கே? கீழே பளியன்குடியிலேயே, மலையேறும் பாதை ஆரம்பிக்கும் இடத்தில், நிழலாக ஒரு சின்ன மண்டபம் போதும். அங்கே உட்கார்ந்து வஞ்சிக்காண்டத்தின் முதல் காதையைப் படிக்கலாம். குன்றக் குறவர்கள் பார்த்ததாகத்தானே அந்தக் கதை தொடங்குகிறது? பளியன்குடியில் இருக்கும் பளியர்களுக்கு அந்த மலையின் ஒவ்வொரு வழியும் ஊற்றும் தெரியும். கதை சொல்லும் ஆளை வெளியிலிருந்து கொண்டுவராமல், முதலில் அவர்களிடம் கேளுங்கள். அதற்குக் கூலியும் கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொன்னால் ஒரு மாதம் நடக்கும், பிறகு நின்றுபோகும்.

இனி லோயர் கேம்ப். இந்தப் பெயரே ஒரு நினைவுச்சின்னம்தான். பெரியாறு அணை கட்டும்போது கீழே இருந்த கூடாரப் பகுதி, அதனால் அந்தப் பெயர். இன்றைக்கும் கண்டக்டர் அப்படித்தான் கூப்பிடுகிறார். 1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருஷத்துக்குக் குத்தகை, 1887-இல் வேலை தொடக்கம், 1895 அக்டோபரில் திறப்பு. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் சேர்த்துக் கட்டிய அணை. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த ஆற்றை மறித்து, மலைக்குள் ஒரு மைலுக்கும் மேலாகச் சுரங்கம் குடைந்து, கிழக்கே நம் பக்கம் திருப்பிவிட்டார்கள். வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. காய்ச்சலிலும் காலராவிலும் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கிறார்கள். அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்குக்கு இங்கே 2013-இல் மணிமண்டபம் திறந்தாகிவிட்டது. சனவரி 15 அவர் பிறந்தநாளும் பொங்கலும் ஒன்றாக வருவதால் அங்கே பானை வைத்துப் பொங்குகிறோம். எங்கள் வீட்டிலும் அவர் படம் இருக்கிறது. அப்பா அதற்குக் கீழே நின்றுதான் ஜூன் மாதம் தண்ணீர் திறந்த சேதியை அம்மாவிடம் சொல்வார்.

பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணை கட்டினார் என்று நம் வீடுகளில் சொல்கிறோம். அன்றைய சென்னை மாகாண அரசு பணம் போட்டுக் கட்டிய அணை என்று ஆவணங்கள் சொல்கின்றன. மணிமண்டபத்தில் விளக்கம் சொல்லப்போகிறவர் இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். ஊர் ஏன் அப்படி நம்புகிறது என்பதும் ஒரு வரலாறு. அதைச் சொல்வதால் அவர் மீது இருக்கும் மரியாதை ஒரு துளிகூடக் குறையாது. பேர் தெரியாமல் செத்த தொழிலாளிகளைப் பற்றியும் அவர் சொல்லட்டும். அவர்களுக்கு யார் வீட்டிலும் படம் இல்லை.

அணைக்கு நினைத்தபடி போக முடியாது, அது காப்பகத்துக்குள் இருக்கிறது, அனுமதி வேண்டும். ஆனால் தண்ணீர் நம்மிடம் வந்து சேரும் வழியைப் பார்க்கத் தடை ஒன்றும் இல்லை. மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள், கீழே மின்நிலையம், அங்கிருந்து ஆறு, ஆற்றிலிருந்து உத்தமுத்து வாய்க்கால், பாளையம் பரவு வாய்க்கால் என்று பதினேழு வாய்க்கால்கள், பிற்பாடு வந்த பதினெட்டாம் கால்வாய். 14,707 ஏக்கர் இருபோகம். பழைய வாய்க்கால் என்றால் யாரும் பாரம்பரியச் சின்னம் என்று நினைப்பதில்லை, குப்பை கொட்டுகிற இடமாகத்தான் பார்க்கிறோம். என் பேத்தி முறைப் பெண்ணோடு ஒரு வாய்க்காலின் தலைமடையிலிருந்து எங்கள் வயல் வரைக்கும் கரையிலேயே நடந்தேன். முக்கால் நாள் ஆயிற்று. ஒரு மடையில் மடைக்காரர் பலகையை அரை சாண் தூக்கினார். தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு கிளை வாய்க்காலில் இறங்கியது. "இது அந்த அணைத் தண்ணியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் குனிந்து கையில் அள்ளினாள். பள்ளிக்கூடத்தில் பெரியாறு அணை பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியவள்தான் அவள்.

உங்களிடம் கேட்பது கஷ்டமான காரியம் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடத்தி, பிள்ளைகளே கல்வெட்டு படிக்கவும், அதை மை தடவித் தாளில் படியெடுக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் நம்மைப் போல ஒரு கிராமத்துப் பள்ளிதான். மாநிலத் தொல்லியல் துறை கல்வெட்டியலில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. ஊருக்கு ஒரு பட்டதாரி, வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பையனோ பெண்ணோ, படித்துவிட்டு வரட்டும். செலவை நகராட்சியோ ஊராட்சியோ ஏற்றுக்கொள்ளட்டும். வந்தபின் அவர்களே அந்த ஊரின் படித்துக்காட்டும் ஆள். சனி, ஞாயிறு பாறையடியில் இருப்பார். மற்ற நாள் பள்ளிக்கூடங்களுக்குப் போவார். தேக்கடிக்குப் போகிறவர்கள் அரை நாள் இங்கே இறங்கினால் அவருக்கு வருமானம், டீக்கடைக்கும் வருமானம். ஆனால் வெளியூர்க்காரர்களுக்காக இதை ஆரம்பிக்காதீர்கள். முதல் விருந்தாளி நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும்.

தலைமையாசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. வருஷத்துக்கு ஒரு நாள் போதும். ஆறாம் வகுப்பு கருப்பணசாமி பாறைக்கு, ஏழாம் வகுப்பு சின்னமனூருக்கு, எட்டாம் வகுப்பு வாய்க்கால் கரையில் நடைக்கு. நீர்விளையாட்டுப் பூங்காவை நிறுத்த வேண்டாம், அது அடுத்த மாதம் போகட்டும். கூட்டிக்கொண்டு போகும் ஆசிரியர் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டியதும் இல்லை. ஒரு கைவிளக்கு, வட்டெழுத்து அட்டவணை ஒன்று, குடிக்கத் தண்ணீர் இருந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கு அருகில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தாலேயே பல பயணங்கள் பாதியில் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். பேரூராட்சி மனசு வைத்தால் அதற்கு ஒரு வழி செய்ய முடியும்.

கோயில் திருப்பணி செய்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கம்பராயப்பெருமாள் கோயிலாகட்டும், திருக்காளாத்தீசுவரர் கோயிலாகட்டும், கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் வண்ணம் அடிக்க வேண்டாம். மணலை வீசிக் கல்லைப் பளபளப்பாக்கவும் வேண்டாம். அழுக்கோடு எழுத்தும் போய்விடும்.

நான் வட்டெழுத்து அரைகுறையாகப் படிக்கிறவள்தான். ஆனாலும் உங்கள் ஆள் வருகிற வரைக்கும் நான் வருகிறேன். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கருப்பணசாமி பாறையடியில் இருப்பேன். அன்றைக்கு வந்த ஐந்து பேரும் கூட வருவார்கள். விளக்கை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உத்தமபாளையத்துப் பக்கத்து வயல்காரர் மகள்